ஆளுக்கொரு வரைபடம்

"பக்கத்துக் கட்டத்தையும் காட்டுங்க சார். எல்லாக் கட்டத்தையும் ஒட்டி, மேப்பை முழுசாக் காட்டுங்க."

கருணாகரன் வாயில் இட்லியோடு நிறைமதியை நிமிர்ந்து பார்த்தார். விழுங்கினார். தண்ணீர் குடித்தார். டிபன் பாக்ஸை மூடினார். அதற்கு மேல் நேரத்தைக் கடத்த அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"மொத நாளே சொன்னேனேம்மா."

சொல்லித்தான் இருந்தார். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், ஏசியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடு, மேப்பை மட்டும் கேட்காதே என்று அவள் சேர்ந்த அன்றைக்கே தன்மையாகச் சொல்லியிருந்தார். அந்த ஆபீஸில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கட்டம்; நிறைமதிக்கு அவள் காலனி இருந்த கட்டம். அதற்குள் எந்தச் சுவர் இடிந்தது, எந்தப் பாலம் எழும்பியது என்று சரிபார்ப்பதுதான் வேலை. கட்டத்தின் ஓரத்தில் சாலை வெட்டுப்பட்டு நிற்கும். அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்பது பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும். அவரிடம் கேட்கக் கூடாது.

நிறைமதிக்கு இந்தக் 'கேட்கக் கூடாது' பழகிப்போன வார்த்தை. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதித்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவளிடம் சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்தால் பஸ் ஸ்டாண்டு வரை நிற்பார்கள். அவள் அத்தனை பேரிடமும் கேட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தாள்.

"எங்கம்மாவுக்கு முட்டி போயிருச்சு சார். ஆஸ்பத்திரிச் சமையக்கட்டுல வேலை. புது காண்ட்ராக்டர் வந்திருக்கான். இனி ஒரு நாள் லேட்டா வந்தாலும் வர வேண்டாம்னுட்டான். எங்க காலனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒரு கரடு, சின்னக் குன்று. அதைத் தாண்டினா ஆஸ்பத்திரி. துணை என்னடான்னா வாய்க்கால் கரை, செங்கச்சூளைன்னு ஊரையே சுத்தி இழுத்துட்டுப் போகுது. ஏன்னு நான் தெரிஞ்சுக்கணும்."

"ஆட்டோல போகலாமே."

"ஆட்டோக்காரரோட துணையில எங்க காலனியே கிடையாது சார்."

துணை என்பது கழுத்தில் தொங்கும் ஒரு வில்லை. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. போகிற இடத்தைச் சொன்னால் போதும். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது பக்கமாக அதிரும், வலது என்றால் வலது பக்கம். அது வந்த பிறகு வழி கேட்கிற பழக்கமே ஊரில் ஒழிந்து போயிற்று. பெயர்ப்பலகைகளில் குருவி கூடு கட்டியது. மேப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். ஆஸ்பத்திரி வருகைப் பதிவும் அதில்தான், இன்சூரன்சும் அதில்தான், ரேஷனும் அதில்தான். நிறைமதியின் அம்மா தவமணி அதை ரெண்டாவது தாலி என்பாள். "மொதத் தாலி கட்டுன மனுசன் போய்ச் சேர்ந்துட்டாரு. இது போகாது. சார்ஜ் போட்டாப் போதும்."

கருணாகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முழு மேப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா காட்ட முடியும்?"

"அப்படின்னா?"

"இருக்கறதெல்லாம் ஆளுக்கொரு மேப். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உங்கம்மாவுக்கு ஒண்ணு. இங்க பாரு." அவர் திரையைத் திருப்பினார். தவமணியின் பெயரைப் போட்டார். காலனி தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது, சூளைகள், ஆஸ்பத்திரி. நடுவில் சங்கிலிக் கரடு இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்ட பலகையாக இருந்தது. "இது உங்கம்மாவோடது." பிறகு தன் பெயரைப் போட்டார். துடைத்த இடத்தில் கரடு முளைத்தது. அதன் மேல் பச்சையில் ஒரு பாதை, வளைவுக்கு வளைவு பெஞ்சு, நிழற்குடை. "இது என்னோடது. தெனமும் காலைல நடக்கப் போவேன். காத்து நல்லாருக்கும்."

நிறைமதி திரையருகே குனிந்தாள். "யார் சார் அழிச்சது?"

"யாரும் அழிக்கல. சங்கடமே அதுதான். துணைக்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. சண்டை வராமப் பார்த்துக்க. எங்கெங்க, யாரும் யாரும் எதிர்ப்பட்டா வம்பு வந்திருக்கோ, அங்க அவங்க எதிர்ப்படாத மாதிரி வழி போடும். அவ்வளவுதான். ஜாதின்னு ஒரு எழுத்து உள்ள கிடையாது. வேணும்னா தேடிப் பாரு."

"எழுத்து எதுக்கு சார்? கால் போதுமே."

"உங்க ஆளுங்க ரொம்பக் காலமா அந்தக் கரட்டுப் பக்கம் போகலை. அது நடையைப் பார்த்துத்தானே கத்துக்குது."

"போகலைங்கறது வேற சார். போக விடலைங்கறது வேற. ரெண்டும் அதுக்கு ஒண்ணாத் தெரியலாம். உங்களுக்குமா?"

கருணாகரன் திரையைப் பழையபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்தான். இந்த வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தவரே அவர்தான். இன்டர்வியூவில் அவள் எதிர்த்துப் பேசியதைக் கேட்டுச் சிரித்தவரும் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவளுக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. கெட்டவர்கள் மேல் கோபப்படுவது சுலபம். ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

*

அந்த ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடி போட்ட பழைய காகிதம் ஒன்று மாட்டியிருந்தது. நெளிநெளியாகப் பழுப்புக் கோடுகள், நீலக் கோடுகள், பொடி எழுத்து. வருகிற விருந்தாளிகள் அதை மாடர்ன் ஆர்ட் என்று நினைத்து முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நிறைமதிக்கு மட்டும் அது என்னவென்று வந்த முதல் வாரமே தெரியும். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவள் அவள். உலகமே கைவிட்ட பிறகும் என்.சி.சி. மட்டும் மேப் ரீடிங்கைப் பாடத்திலிருந்து எடுக்க மறந்திருந்தது. மற்ற பெண்கள் கொட்டாவி விட்ட அந்த வகுப்பில் அவள் பரிசாக ஒரு காம்பஸ் வாங்கியிருந்தாள். பழுப்புக் கோடு நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் சரிவு, விட்டுவிட்டுப் போட்ட சிவப்புக் கோடு ஒற்றையடிப் பாதை என்று அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

சுவரில் இருந்தது அவளுடைய தாலுகாதான். சங்கிலிக் கரடு இரண்டு மேடாக எழும்பி, நடுவில் தணிந்து ஒரு கணவாயாகக் கிடந்தது. காலனிக் கிணற்றிலிருந்து அந்தக் கணவாய் வழியாக ஊருக்குள் ஒரு சிவப்புக் கோடு விட்டுவிட்டுப் போயிற்று. யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று அரசாங்கம் போட்ட கோடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடி மேல் பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் படியெடுத்தாள். பாதியில் ஸ்டூல் ஆடியது. குனிந்து பார்த்தாள். கருணாகரன் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"விழுந்து தொலைக்காத. விழுந்தா நான்தான் எழுதிக் குடுக்கணும்" என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை தாயும் மகளும் காலனிக் கிணற்றடியிலிருந்து கிளம்பினார்கள். தவமணி முட்டியில் தைலம் தேய்த்து, மஞ்சள் பையில் எவர்சில்வர் டிபனில் புளிச்சோறும், ஒரு தட்டமும் தண்ணீரும் வைத்துக்கொண்டாள். சினிமாவுக்குப் போகிறவள் மாதிரி பூவும் வைத்திருந்தாள்.

"அந்த டப்பாவை என்கிட்டக் குடு. நீ பேப்பரைப் பாரு. ரெண்டையும் நீயே வச்சுக்கிட்டா நான் எதுக்கு வந்தேன்?"

"டப்பா இல்லம்மா, காம்பஸ். நெஞ்சுக்கு நேரா, ஆடாமப் பிடிக்கணும். முள்ளு வடக்கைக் காட்டும். நமக்கு மேற்குல இருந்து துளி வடக்கே. இந்தக் குறியை முள்ளோட சேர்த்து வச்சுக்கிட்டு நேரா நட."

"விளக்கு ஏந்துறது மாதிரிதானே? நாங்க ஏந்தாத விளக்கா."

தவமணி காம்பஸை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தேருக்கு முன்னால் போகிறவள் தோரணையில் நடந்தாள். கிளுவை முள்ளும் கள்ளியுமாகக் கரடு அடர்ந்து கிடந்தது. பாதை என்று சொல்லப்பட்டது காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. பத்தடி உள்ளே போனதும் காலனி மறைந்தது, இன்னும் பத்தடியில் திசையே மறைந்தது. கழுத்திலிருந்த துணை விடாமல் அதிர்ந்தது. திரும்பு, திரும்பு, திரும்பு.

"குறுகுறுங்குதுடி."

"அப்படித்தான் இருக்கும். நட."

நடந்தார்கள். கணவாய் வர வேண்டிய நேரத்தில் கணவாய் வரவில்லை. ஏற்றம் தணிய வேண்டிய இடத்தில் செங்குத்தாகிக்கொண்டே போனது. தவமணி திடீரென்று நின்றாள். அவள் செருப்பு நுனியிலிருந்து ஒரு கல் உருண்டது. சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் விழுகிற ஓசை கேட்டது.

கீழே கைவிட்ட கல் குவாரி. கரும்பச்சைத் தண்ணீர்.

நிறைமதி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். படியெடுத்த காகிதத்தில் குவாரியே இல்லை. இவர்கள் வடக்கே வெகுதூரம் விலகி வந்திருந்தார்கள். எப்படி? முள்ளைப் பார்த்தாள். அம்மாவின் நெஞ்சுக்கு நேராக இருக்கும்போது அது ஒரு பக்கம் காட்டியது. கையில் வாங்கித் தள்ளிப் பிடித்தால் வேறு பக்கம் காட்டியது. திரும்ப நெஞ்சருகே கொண்டு போனாள். முள் துணையின் பக்கம் தலையைத் திருப்பியது.

"அடச்சே. இதுக்குள்ள காந்தம் இருக்கும்மா. கொக்கியில. என்.சி.சி.ல பரேடுக்கு முன்னாடியே துணையைக் கழட்டி வாங்கி வச்சுருவாங்க. அதனால எனக்கு இது தெரியாமப் போச்சு. என் தப்புதான். கழட்டும்மா அதை."

தவமணியின் கை தானாகக் கழுத்துக்குப் போய் வில்லையைப் பொத்திக்கொண்டது. "இதைக் கழட்டுனா, நான் எங்க இருக்கேன்னு யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியும்."

"தெரிஞ்ச லட்சணந்தான் குவாரி வாய்ல வந்து உட்கார்ந்திருக்கோமே."

நிறைமதிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் சேர்ந்தே வந்தது. "இரு, சொல்றேன்" என்றாள். தவமணி ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, துணையைக் கழற்றி, மகளுடையதையும் வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

நிறைமதி காகிதத்தைப் பாறை மேல் விரித்து வடக்குக்கு ஒழுங்காகத் திருப்பி வைத்தாள். தூரத்தில் ரயில்வே கேட் தெரிந்தது. கரட்டின் தோளுக்கு மேலே ஊர்க் கோயிலின் கோபுரம் தலை நீட்டியது. இரண்டும் காகிதத்தில் இருந்தன. கேட்டைக் குறி பார்த்து ஒரு கோடு போட்டாள், கோபுரத்தைக் குறி பார்த்து இன்னொன்று.

"ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடத்துல நாம நிக்கிறோம்."

"நம்ம நிக்கிற எடத்தைக் கண்டுபிடிக்க ஊர்க்காரங்க கோபுரத்தைப் பார்க்கணுமாக்கும்?"

"எதைப் பார்த்தாலும், நிக்கிறது நம்ம எடம்தான்மா."

"இந்த வாய்க்குத்தான் உனக்கு மாப்பிள்ளையே அமையல" என்றாள் தவமணி. ஆனால் எழுந்து வந்து, அந்தக் கோடுகள் வெட்டிய புள்ளியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

இந்த முறை நிறைமதி காம்பஸோடு முன்னே போனாள். அம்மா பையோடு பின்னால் வந்தாள். கணவாய் வந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அந்தப் பக்கம் சிமெண்டுப் பாதை, பெஞ்சு, நிழற்குடை, கீழே கைக்கெட்டும் தூரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டடம். தவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தினமும் ஊரைச் சுற்றிப் போய்ச் சேர்கிற வாசல் அது.

ஊர்க்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். விளையாட்டு ஷூ போட்ட ஒரு ஆள் எதிரே வந்தார். இருபதடி தூரத்தில் அவர் கழுத்துத் துணை அதிர்ந்திருக்க வேண்டும். யோசிக்காமல் பக்கத்துப் பாதையில் திரும்பினார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்களும் பேச்சை நிறுத்தாமல் திரும்பினார்கள். ஒரு முதியவர், ஒரு இளம் ஜோடி. ஒருத்தர்கூட இவர்களைப் பார்க்கவில்லை. பார்க்காமலே விலகினார்கள். சிமெண்டுப் பாதை கண் முன்னால் காலியாயிற்று.

"நல்லதாப் போச்சு. வழி சும்மா கிடக்கு" என்றாள் தவமணி. குரலில் நல்லது எதுவும் இல்லை.

நிறைமதி, துணைகள் இருந்த பையை வாங்கினாள். ஆபீஸில் கோளாறான துணைகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைப்பார்கள். மூடினால் அவற்றின் சிக்னல் வெளியே எங்கும் போகாது. அவள் புளிச்சோற்றைத் தட்டத்தில் கொட்டி அம்மா கையில் கொடுத்தாள். டிபனுக்குள் இரண்டு துணைகளையும் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

இப்போது அடுத்து வந்தவர்கள் திரும்பவில்லை. நேராக வந்தார்கள். ஒரு அம்மா, "நல்ல வெயில், இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு ஆள் தலையிலிருந்து கால் வரை பார்த்து முகம் சுளித்தார். நாயோடு வந்த பெண், "கடிக்காதுங்க, பயப்படாதீங்க" என்றாள். மீசைக்காரர் ஒருவர் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மீசைக்காரனுக்கு நம்மளைப் பிடிக்கலை" என்றாள் தவமணி, கையில் சோற்றோடு.

"பிடிக்கலைன்னு இப்பவாவது மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டோம்ல. இத்தனை வருஷம் அது நம்மகிட்டச் சொல்லாம மறைச்சுச்சு. அந்த நாய்க்காரி நல்லவங்கறதையும் சேர்த்து மறைச்சுச்சு."

தவமணி ஒரு கவளம் உருட்டி மகள் வாயில் திணித்தாள். "மென்னு. அப்புறம் கோபப்படு."

*

திங்கட்கிழமை தவமணி துணையை டிபனில் மூடி எடுத்துக்கொண்டு கரட்டைத் தாண்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் டிபனைத் திறந்து துணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே அடுப்படியில் நின்றாள். ஆனால் வாசல் இயந்திரம் அவளை ஆப்சென்ட் என்று போட்டது. வீட்டில் இருந்த துணை, வழியில் எங்கும் நடக்காமல், திடுக்கென்று ஆஸ்பத்திரியில் முளைத்திருந்தது. யாரோ ஆள் மாறாட்டம் செய்கிறார்கள் என்று இயந்திரம் முடிவு கட்டியது. சமையல்கட்டு மேஸ்திரி அவளைக் கண்ணால் பார்த்தான், பால் காய்ச்சச் சொன்னான், அவள் காய்ச்சிய பாலைக் குடித்தான். ஆனாலும், "மிசின்ல நீ வரலையேக்கா. நாளைக்கும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

அந்தச் சந்தேகக் குறிப்பு சுற்றிச் சுற்றிக் கருணாகரன் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவர் நிறைமதியைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு பண்றேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்கம்மாவோட மேப்புல மட்டும் அந்தப் பாதையைத் திறந்து விட்டுர்றேன். விடியறதுக்கு முன்னாடி. ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்துப் போட்டா இது ஏத்துக்கும். வேலை தப்பிச்சிரும்."

அதுதான் அவள் கேட்டது. கேட்டது கிடைத்தும் அவள் கிளம்பவில்லை.

"எங்கம்மா பேருக்குக் கீழ ஒரு கேள்வி இருக்கே சார். 'யாரைப்போல'ன்னு. அது எதுக்கு?"

"புதுசா ஒரு ஆள் வந்தா அவங்க எங்க போவாங்க, எங்க போக மாட்டாங்கன்னு இதுக்குத் தெரியாதுல்ல? அதனால கேக்கும். யாரைப்போலன்னு. நாம ஒரு பேரைச் சொன்னா, அந்த ஆளோட வழியெல்லாம் இவங்களுக்கும் வரும். உங்க காலனிக்கு மொத்தமும் ஒரே பேருதான் போட்டிருக்கு. செத்துப்போன யாரோ ஒரு சூளைக்காரர். எந்தக் கட்டமோ, அந்த மேசைக்காரங்க அதை நிரப்புவாங்க. நீகூட உன் கட்டத்துக்கு நிரப்பியிருக்கியே."

நிரப்பியிருந்தாள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு, அக்கம்பக்கத்தைப் பார்த்து, எதற்கென்று கேட்காமல் கடமையாக நிரப்பியிருந்தாள்.

சாயங்காலம் அம்மாவின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு மட்டுமா?" என்றாள் தவமணி. "கூட வேலை பாக்குற மரகதத்துக்கு? செல்லாண்டிக்கு?"

"உனக்கு மட்டும். அதுவும் இருட்டோட இருட்டா."

"குவாரி ஓரமா, இருட்டுல, ஒத்தையில?" தவமணி காலை இழுத்துக்கொண்டாள். "யார் கண்ணுலயும் படாம அனுப்ப நான் என்ன சாராயமாடி?"

"வேலை போயிரும்மா."

"போகக் கூடாது. உன் கல்யாணத்துக்கு நான் இன்னும் ஒரு குண்டுமணி தங்கம் சேர்க்கல. வேலையும் போகக் கூடாது, நான் ஒளிஞ்சும் போகக் கூடாது. அதுக்கு வழி பாரு. படிக்க வச்சது எதுக்கு?"

"இதுக்குத்தான் படிக்க வச்சியா?"

"பின்ன? உன் அழகைப் பார்க்கவா?" என்று சொல்லிவிட்டு, காலைத் திரும்பவும் மகள் மடியில் வைத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை அதிகாலை ஷிப்டை நிறைமதி கேட்டு வாங்கியிருந்தாள். ஆபீஸைத் திறந்தவள் அவள்தான். வெயில் ஜன்னலுக்கு வந்தபோது தவமணி போன் செய்தாள்.

"உள்ள வந்துட்டேன். மிசின் பச்சை லைட்டு போட்டுச்சு, வணக்கம்னு வேற சொல்லுச்சு. மரகதமும் செல்லாண்டியும் பின்னாலயே வந்தாங்க. எல்லாருக்கும் கரட்டு வழியத்தான் காட்டுச்சாம். அந்த மீசைக்காரன் எதிர்ல வந்தான். மூஞ்சியைச் சுளிச்சான்."

"நீ என்ன பண்ணுன?"

"நானும் சுளிச்சேன். வை போனை, பால் பொங்குது."

கருணாகரன் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். நடைக்குப் போன ஷூவையே மாற்றவில்லை. அவர் உட்கார்ந்ததும் நிறைமதி அறைக்குள் போனாள்.

"இன்னைக்குக் கரட்டுல உங்க காலனி லேடீஸ் கூட்டமா எதிர்ல வந்தாங்கம்மா" என்றார். "என் துணை என்னைத் திருப்பவே இல்ல. உங்கம்மா வணக்கம் சொன்னாங்க. நான் ஒதுங்கி நின்னேன்."

"வழி விட்டு ஒதுங்கினீங்களா, இல்ல..."

அவர் ஷூவைப் பார்த்தார். "வழி விட்டேன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தெரியலம்மா. சத்தியமாத் தெரியல."

அந்தப் பதிலுக்காக அவளுக்கு அவரைப் பிடித்தது. அதற்காக மன்னித்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டும் அவள் மனதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

"கேட்டுட்டுப் போக வரல சார். சொல்லிட்டுப் போக வந்தேன். காலைல வந்ததும் என் கட்டத்துல இருக்கற காலனி முழுக்க, 'யாரைப்போல'ங்கற எடத்துல ஒரே பேரா மாத்திட்டேன்."

"யார் பேரை?"

"உங்க பேரை."

கருணாகரன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். திரையைத் தொட்டார். கிழவர்கள், பிள்ளை பெற்றவர்கள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறவர்கள், அத்தனை பேரும் வரிசையாகக் கருணாகரனைப் போலவே இருந்தார்கள். ஒருத்தர் மேப்பிலும் துடைத்த இடம் இல்லை. அவர் வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"எனக்குச் சர்க்கரைன்னு டீக்கடை, மிட்டாய்க்கடைப் பக்கமே இது என்னை விடாது. பாவம், உங்க காலனியில இனிமே ஒருத்தருக்கும் டீ கிடைக்காதும்மா."

"கேட்டுப் போய்க்குவாங்க சார். வாய் இருக்குல்ல."

சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மதியத்துக்குள்ள சென்னை ஹெட் ஆபீஸ்ல பார்த்துருவாங்க. பழையபடி மாத்தவும் செய்வாங்க."

"எதிரெதிர்ல பார்த்துக்கிட்டவங்களைப் பார்க்காதவங்களா மாத்த முடியாது. அம்மாகிட்டயும் மரகதம் அத்தைகிட்டயும் ஆளுக்கொரு பட்டர் பேப்பர்ல அந்தப் பழைய மேப்பைப் படியெடுத்துக் குடுத்திருக்கேன். சாயங்காலம் எங்க காலனி சர்ச்சு வாசல்ல காம்பஸ் பார்க்கச் சொல்லித் தரேன். எல்லாருக்கும் ஒரே மேப். மிசின்ல ஆப்சென்ட்னு விழுந்தா, மொத்தச் சமையக்கட்டும் சேர்ந்து விழும். பால் காய்ச்ச ஆள் வேணும்ல அந்தக் காண்ட்ராக்டருக்கு."

"உன் வேலை போயிரும்."

"தெரியும் சார்."

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. நான் வாங்கி வச்சுக்கறேன். துரத்துனாங்கன்னு உன் பேர்ல இருக்க வேண்டாம். நாளைக்கு இன்னொரு எடத்துல வேலை கேக்கணும்ல." அவர் நிஜமாகவே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவை மூடி கழற்றி, அவள் பக்கம் நகர்த்தினார்.

நிறைமதி பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, அவர் சட்டைப் பையில் செருகினாள். பெரியவர்களிடம் அப்படியெல்லாம் நடந்துகொள்ளக் கூடாது என்றும் அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"துரத்தட்டும் சார். துரத்துனா எதுக்குன்னு காரணம் எழுதணும்ல? காலனிக்காரங்களை உங்களைப்போலன்னு போட்டதுக்காகன்னு அவங்க கையால எழுதட்டும். அந்தத் தாள்தான் எனக்கு வேணும்."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல், படியிறங்கிப் போனாள்.